தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையின் உணவங்காடியில் மேசை கிடைப்பது லேசில்லை. கிடைத்த மேசையில் சாப்பாடு வருவதற்கு முன்பே அருண்ராஜ் வீட்டு வரைபடத்தை விரித்துவிட்டான். மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க, நான்கு மூலைகளிலும் தேநீர்க் குவளைகளை வைத்தான்.

"இது எங்க பக்கம், இது உங்க பக்கம்," என்று பேனாவால் காட்டினான். "ஜம்போ ஃபிளாட்பா. அந்தக் காலத்துல பக்கத்துப் பக்கத்து வீடு ரெண்டை எடுத்து, நடுச்சுவத்துல வழி விட்டு ஒண்ணாக்கினது. உங்களுக்குத் தனி கிச்சன், தனி பாத்ரூம், தனி வாசக்கதவு. எல்லாமே செப்பரேட் லா."

அவன் அம்மா ரத்தினம்மாவுக்கு அதில் சந்தோஷம்தான். "அப்பாடி. இனிமே நான் மீன் பொரிச்சா யாரும் ஜன்னலத் தெறந்துக்கிட்டு ஓட வேணாம்."

"ஒரே ஒரு தடவதான் தெறந்தேன், அத்தை," என்றாள் மருமகள் திவ்யதர்ஷினி.

"ஒரு தடவயா? ஃபேன் வேற போட்ட."

இருவரும் சிரித்தார்கள். அருண்ராஜின் அப்பா மருதப்பன் சிரிக்கவில்லை. எழுபத்து நான்கு வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவர். வரைபடம் படிக்க அவருக்கு யாரும் பேனாவால் காட்டத் தேவையில்லை. குவளை ஈரம் பட்ட விரலைத் துடைத்துவிட்டு, இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த சிறிய கோட்டின் மேல் வைத்தார்.

"நடுவுல கதவு போடறியா?"

"ஆமாப்பா."

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?"

அருண்ராஜ் பேனாவை மூடினான். "எங்க பக்கம். திவ்யா வீட்டுலேந்து வேலை பாக்கறா. மீட்டிங் நடக்கும். உங்க பேத்தி கவிக்குப் பரீட்சை வருஷம்."

"என் பேரை இழுக்காதீங்க," என்றாள் திவ்யா மெதுவாக. "நான் கதவு மட்டும்தான் கேட்டேன்."

அது அவன் காதில் விழுந்தது. விழாதது போல் இருந்தான்.

உண்மை வேறு. போன மார்ச் மாதம் அப்பா அவன் வீட்டுக்கு வந்திருந்தார். அவன் மேலதிகாரியோடு காணொளிக் கூட்டத்தில் இருந்தபோது, கைலியோடு அறைக்குள் நுழைந்து, "ரிமோட் எங்கடா?" என்றார். திரையில் இருந்த பதினோரு பேரும் சிரித்தார்கள். மறுநாள் அவர்கள் மறந்துவிட்டார்கள். அவன் மறக்கவில்லை. தாழ்ப்பாள் அன்றைக்கே அவன் மனத்தில் விழுந்துவிட்டது.

"உன் பக்கம் ஒண்ணு, என் பக்கம் ஒண்ணு வைக்கலாமே," என்றார் மருதப்பன்.

"எதுக்குப்பா டபுள் வேலை? இந்த வயசுல உங்களுக்கு என்ன பிரைவசி வேணும்?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

ஆங் மோ கியோவில் மருதப்பன் நாற்பது வருடம் இருந்த வீட்டை ஏற்கெனவே விற்றாகிவிட்டது. அந்தப் பணமும் சேர்ந்துதான் இந்தப் புதிய வீடு. அடுத்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். திரும்பிப் போக இடமில்லாதவன் தாழ்ப்பாளைப் பற்றிப் பேரம் பேச முடியாது. அவர் தன் தேநீர்க் குவளையை எடுத்துக் குடித்தார். பாரம் போனதும் காகிதத்தின் அந்த மூலை சுருண்டு, அவர் பக்கத்து வீட்டை மூடிக்கொண்டது.

புதிய வீடு உட்லண்ட்ஸில், ஏழாவது மாடியில். அடுத்த புதன்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு அருண்ராஜ் வீடு புதுப்பிக்கிற ரெனோவேஷன் ஆள் யாக்கூபோடு அங்கே போனான். யாக்கூப் ராமநாதபுரத்திலிருந்து வந்து, பன்னிரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் மரவேலை செய்பவன். அதிகம் பேசமாட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் சுவர்களைத் தட்டிப் பார்ப்பான்.

நடுவழியில் கதவு ஏற்கெனவே இருந்தது. முன்பிருந்தவர்கள் போட்டது. பெரிய வீட்டுப் பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். சின்ன வீட்டுப் பக்கம் ஒரு கைப்பிடி மட்டும்.

"பாருங்க, நான் நெனச்ச மாதிரியே இருக்கு," என்றான் அருண்ராஜ். "இதையே வச்சுக்கலாம்ல?"

யாக்கூப் சின்ன வீட்டுப் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்திருந்தான். மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கதவு முழுக்கச் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தன. பட்டி பூசி மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். நேராக நின்று பார்த்தால் தெரியாது.

"நாய் வளர்த்திருப்பாங்க," என்றான் அருண்ராஜ்.

"நாய் கீறும் பாஸ். இது குத்து." யாக்கூப் ஒரு பள்ளத்தின் மேல் கட்டைவிரலை வைத்தான். எல்லாமே பிறைவடிவில் இருந்தன. "ஏதோ பாத்திரத்தோட அடி விளிம்பு. சொம்பு மாதிரி. படுத்துக்கிட்டு அடிச்சாத்தான் இந்த உயரத்துல விழும்."

சொல்லிவிட்டு எழுந்து, கையைக் கால்சட்டையில் துடைத்தான். துடைக்கக் கையில் தூசி எதுவும் இல்லை.

அருண்ராஜ் வெளித் தாழ்வாரத்துக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ருக்கையா என்று தன் பெயரைச் சொன்னார். புது ஆளா, எத்தனை பேர், பிள்ளை என்ன படிக்கிறாள் என்று வழக்கமான கேள்விகள். சின்ன வீட்டில் அப்பாவும் அம்மாவும் இருக்கப் போகிறார்கள் என்றதும் தண்ணீர்க் குவளை நின்றது.

"அந்த நடுக்கதவை மாத்திடுங்க, தம்பி."

"ஏன் ஆண்டி?"

"சும்மா மாத்திடுங்க."

"அதுல ஏதோ குத்தின மாதிரி அடையாளம் இருக்கே?"

ருக்கையா குவளையைத் தரையில் வைத்தார். சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தவர்தான். ஆனால் ஒன்றரை வருடமாக அதை வைத்துக்கொண்டு அவரால் ஒழுங்காகத் தூங்க முடியவில்லை.

"முன்ன இருந்ததும் நம்ம ஆளுங்கதான். பெரியவரு மட்டும் இந்தச் சின்ன வீட்டுல. சம்சாரம் முன்னாடியே போய்ட்டாங்க. மகன், மருமக, பிள்ளைங்க அந்தப் பக்கம். போன வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை. பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. போன் மேசை மேல. வாசக்கதவு தூரம், நடுக்கதவு பக்கம். தவழ்ந்து அங்க வந்திருக்காரு. தாழ்ப்பாள் அந்தப் பக்கம். கையில இருந்த சொம்பால தட்டினாரு."

"யாருக்கும் கேக்கலையா?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு." ருக்கையா தன் கைத்தொலைபேசியை எடுத்தார். "அதான் கொடுமை. படிங்க."

அந்தக் கட்டடத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். முதல் செய்தி பெரியவரின் மகன் அனுப்பியது. வெள்ளிக்கிழமை காலை 9.12.

'பொது விடுமுறை அதுவுமா யார் வீட்டில் ரெனோவேஷன்? நகர மன்றத்துக்கு எழுதப் போகிறேன்.'

'எங்களுக்கும் கேட்கிறது. மேல் மாடியாக இருக்கும்.'

'இல்லை, கீழே. ஐந்தாவது மாடியில் டைல்ஸ் மாற்றுகிறார்கள்.'

அடுக்குமாடியில் அப்படித்தான். கான்கிரீட்டில் சத்தம் ஓடும். எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. வருடம் பூராவும் யாராவது எதையாவது இடித்துக்கொண்டே இருப்பார்கள். தட்டுகிற சத்தம் கேட்டால் இந்த ஊர்க்காரனுக்கு மனிதன் ஞாபகம் வராது, ரெனோவேஷன்தான் ஞாபகம் வரும்.

11.40-க்கு மகனின் அடுத்த செய்தி. 'தாங்க முடியவில்லை. குடும்பத்தோடு ஜொகூருக்குக் கிளம்புகிறோம். ஞாயிறு சாயங்காலம்தான் வருவோம்.'

அதற்குக் கீழே கட்டைவிரல் அடையாளங்கள். அவற்றில் ஒன்று ருக்கையாவுடையது.

ஞாயிறு மாலை 7.05. மகன். 'அப்பாடா, நின்றுவிட்டது. யாராக இருந்தாலும் நன்றி.' பக்கத்தில் சிரிக்கும் முகம்.

"திங்கக்கிழமை, லீவு முடிஞ்சு, அடுக்குப் பாத்திரத்துல சாப்பாடு கொண்டு வர்றவருதான் இரும்பு கேட்டு வழியா பாத்தாரு," என்றார் ருக்கையா. "விழுந்ததுல சாகலையாம் தம்பி. தண்ணியில்லாம செத்தாராம். கையில சொம்பு அப்படியே இருந்துச்சு. காலி."

அருண்ராஜ் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். "அந்த மகன் எப்படிப்பட்ட ஆளு?"

"நல்ல பையன். மாசாமாசம் பெத்த அத்தாவ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போவான். அவருக்குன்னு ஏர்கான் போட்டான். தனி டிவி வாங்கிக் கொடுத்தான். கெட்டவனா இருந்தா நான் பாட்டுக்குத் திட்டிட்டுப் போயிருப்பேன். நல்ல பையன். அதான் பயமா இருக்கு."

அருண்ராஜ் இதைத் திவ்யாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லவில்லை. சாவு விழுந்த வீடு என்று தெரிந்தால் அம்மா வரமாட்டாள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டான். கதவை மட்டும் மாற்றச் சொன்னான். யாக்கூப் பழைய கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, புதுக் கதவை நிறுத்தினான். கையில் பித்தளைத் தாழ்ப்பாளோடு கேட்டான்.

"இது எந்தப் பக்கம், பாஸ்?"

"அதே பக்கம்."

யாக்கூப் சுவரில் சாய்த்திருந்த பழைய கதவை ஒரு முறை பார்த்தான். பிறகு துரப்பணத்தை எடுத்தான்.

சின்ன வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் இருக்கிறார் என்று அருண்ராஜ் நினைத்தான். அப்பாவுக்கு இன்னும் நல்ல தெம்பு இருக்கிறது. இருவரிடமும் போன் இருக்கிறது. ஜொகூருக்குப் போனவனும் இப்படித்தான் ஏதாவது நினைத்து வைத்திருப்பான்.

ஆனால் சத்தம் அவனை விடவில்லை. ரயிலில் யாரோ கைத்தடியைத் தரையில் ஊன்றினால் எண்ண ஆரம்பித்தான். அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய் தட்டினால் தலையைத் தூக்கினான். குடிவந்த பிறகு சின்ன வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு பெயர் கண்டுபிடித்தான். இது அம்மா தேங்காய் உடைப்பது, இது அப்பா நாற்காலியை இழுப்பது. பெயர் கிடைத்ததும் நிம்மதியாகிவிடுவான். எழுந்து போய்ப் பார்க்கமாட்டான். பெரும்பாலும் தாழ்ப்பாள் போட்டே இருக்கும்.

மருதப்பன் பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் தன் வாசல்கதவைத் திறந்து, தாழ்வாரத்தில் பத்தடி நடந்து, மகன் வீட்டு மணியை அடித்தார். சட்டை மாட்டிக்கொண்டுதான் வந்தார். ஒரு நாள், "வெளியூர்லேந்து வந்த மாதிரி இருக்கீங்க, தாத்தா," என்றாள் கவி. "விசா இருக்கு, காட்டவா?" என்றார் அவர். பிள்ளை சிரித்தாள். திவ்யா சிரிக்கவில்லை. "அந்தத் தாழ்ப்பாளை எடுத்துடுங்க, அருண்," என்றாள் அன்றைக்கே. "பாக்கலாம்," என்றான் அவன்.

குடிவந்து ஆறாவது வாரம், ஞாயிறு காலை பதினோரு மணி. ரத்தினம்மா கவியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தாள். திவ்யா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அருண்ராஜ் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மடிக்கணினியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான்.

டக். டக். டக்.

காதுக்கருவியைத் தாண்டிக் கேட்டது. ஒலியைக் கூட்டினான். டக். டக். தொலைபேசி ஒளிர்ந்தது. கட்டடக் குழு. 'ஞாயிற்றுக்கிழமை யார் தட்டுவது?'

எரிச்சலோடு தொலைபேசியை எடுத்தான். 'எங்களுக்கும் கேட்கிறது. மேல் மாடியாக இரு' என்று தட்டச்சு செய்தபோது கட்டைவிரல் நின்றது. இந்த வாக்கியத்தை அவன் ஏற்கெனவே எங்கேயோ படித்திருந்தான்.

சத்தமும் நின்றது.

அந்த நொடியில் அவன் மனத்தில் முதலில் வந்த சொல் 'அப்பாடா'. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பின்னாளில் அவனை வாட்டியது அந்த வரிசைதான்.

காதுக்கருவியைப் பிய்த்து எறிந்துவிட்டு ஓடினான். நாற்காலி விழுந்தது. தாழ்ப்பாள் இறுக்கமாக இருந்தது. புதுச் சாயம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை இழுத்தான், நகம் பிய்ந்தது, மூன்றாவது தடவை திறந்தது. கதவு எதன் மேலோ இடித்தது.

"மெதுவாடா," என்றார் மருதப்பன்.

அவர் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் உளி. கதவு நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம் செதுக்கியிருந்தார். அவர் காலடியில், சிராங்கூன் ரோடு கடையில் வாங்கிய புதுத் தாழ்ப்பாள் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது.

அவருக்குப் பின்னால், திறந்திருந்த வாசலில் ருக்கையா நின்றிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன இது? ரெண்டு பக்கத்துலேந்தும் ஓடி வர்றீங்க," என்றார் மருதப்பன். "தீப்பிடிச்சிருச்சா?"

"ஒண்ணுமில்ல, அண்ணே," என்றார் ருக்கையா. "மூணாவது தட்டுலயே எழுந்துட்டேன். எங்க வீட்டுப் பூட்டு திறக்க நேரமாயிடுச்சு." பிறகு அருண்ராஜைப் பார்த்தார். அவர் வீட்டுக்கும் இதற்கும் நடுவில் இரண்டு இரும்பு வாசல்களும் ஒரு தாழ்வாரமும் இருந்தன. அவனுக்கு ஒரே ஒரு கதவு.

மருதப்பன் மகனின் முகத்தைப் பார்த்தார். அவன் கையில் இருந்த தொலைபேசியைப் பார்த்தார்.

"சத்தம் கேட்டு வந்தியா, சத்தம் போடாதேன்னு சொல்ல வந்தியா?"

அருண்ராஜுக்குப் பின்னால் வந்த திவ்யா அவன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, அனுப்பாமல் நின்றிருந்த வரியைப் படித்தாள். அவளுக்குப் புரியவில்லை. ருக்கையாவிடம் கேட்டாள். ருக்கையா சுருக்கமாகச் சொன்னார். பெரிய வெள்ளிக்கிழமை, சொம்பு, ஜொகூர், திங்கட்கிழமை. சொல்லி முடித்துவிட்டு, "தம்பிக்கு அப்பவே சொன்னேனே," என்றார்.

திவ்யா கணவனைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சீங்க."

"கதவை மாத்தினேன்," என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அற்பமான பதில் என்று அவனுக்கே கேட்டது.

மருதப்பன் உளியை முக்காலிக்குக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "திருப்புளி அந்தப் பெட்டில இருக்கு," என்றார். அவ்வளவுதான்.

அருண்ராஜ் தன் பக்கத்துத் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றினான். யாரும் உதவிக்கு வரவில்லை. பித்தளைத் துண்டு கையில் கழன்று வந்ததும் அப்பாவின் புதுத் தாழ்ப்பாளைப் பார்த்தான்.

"உங்க பக்கம் அது இருக்கட்டும்பா. நாங்க தட்டிட்டு வர்றோம். தெறக்கணும்னா தெறங்க."

"எனக்கும் வேணாம். நான் விழுந்தா நீ எப்படி வருவ?" அவர் அதை உறையோடு பெட்டிக்குள் போட்டார். "நீயும் தட்டு, நானும் தட்டறேன். மனுசனுக்கு மரியாதை அவ்வளவுதான். பூட்டுல இல்ல."

ருக்கையா ஒற்றைச் செருப்போடு திரும்பிப் போகத் தொடங்கினார். வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார். "பெரியவங்களுக்குத் தனி வீடு கொடுங்க, தம்பி. தனி அடுப்பு கொடுங்க. தப்பே இல்ல, அவங்களுக்கும் அது வேணும். ஆனா அவங்க தட்டுற சத்தம் நம்ம வீட்டுச் சத்தமா காதுல விழணும். அடுத்தவன் வீட்டு ரெனோவேஷன் மாதிரி விழுந்துச்சுன்னா, நாம கொடுத்தது வீடு இல்ல. உசுரோட பொதைக்கிற கபுருக்குழி."

அருண்ராஜ் தொலைபேசியில் பாதியில் நின்ற வரியை அழித்தான். வேறு எழுதி அனுப்பினான். 'அது எங்கள் வீட்டுச் சத்தம். என் அப்பா.' குழுவில் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. அவன் பார்க்கவில்லை.

அன்று பகல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்தது. டம்ளராக இருக்கும் என்று நினைத்தான். பெயர் கிடைத்துவிட்டது. அருண்ராஜ் எச்சில் கையோடு எழுந்து போனான்.